மூலைமட்டம்

சேர்ந்த வாரம் ஆளுக்கொரு இரும்புத் துண்டு கொடுத்தார்கள்.
சோப்புக்கட்டி அளவு.
ஆறு முகம். ஆறையும் அரத்தால் தேய்த்து
மட்டமாக்க வேண்டும், அவ்வளவுதான்.
ஒரு மாதம் ஆகுமென்று
யாரும் சொல்லவில்லை.

கிணத்துக்கடவு, ஆண்கள் விடுதி, அறை எண் ஒன்பது.
ஆடிக்காற்று பாலக்காட்டில் புறப்பட்டு
நேரே எங்கள் கொடிக்கயிற்றுக்குத்தான் வரும்.
காக்கிச் சட்டைகள் பறந்து தென்னந்தோப்பில் விழும்.
வேலி தாண்டிப் பொறுக்கி வருவோம்,
ஆளுக்கு ஒரு பொத்தான் குறைய.

மாதேசு பர்கூர் மலைக்காரன்.
"மாட்டுக்குக் கொம்பு சீவறாப்பல இருக்குதுடா" என்று
முதல் நாள் சிரித்தான்.
பத்தாம் நாள் உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து
ரசஞ்சோறு பிசையும்போது எரிந்தது.
கரண்டி கேட்டோம்.
கரண்டி குழம்புக்கு மட்டும் என்றார்கள்.

ஏடிஓ செண்பகவல்லிக்கு
எங்களைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும்.
அதட்ட மாட்டார், பாராட்டவும் மாட்டார்.
துண்டை வாங்கி அதன்மேல் மூலைமட்டத்தை வைத்து
சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்.
இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே
ஒரு தலைமுடி வெளிச்சம்.
"வருது" என்பார்.
திரும்பிப் போய் வைஸில் மாட்டுவோம்.

அதோடு கண் கெட்டது.
இட்லித் தட்டு கோணல். வார்டனின் வகிடு கோணல்.
பொள்ளாச்சி பஸ்ஸின் படிக்கட்டு, தூரத்துக் காற்றாலை,
கொடிக்கம்பம்கூட.
எதையும் சும்மா பார்க்க முடியவில்லை.
லீவில் ஊருக்குப் போனால் அம்மா கேட்கிறாள்:
"ஏஞ்சாமி, எதுக்கு ஒத்தக் கண்ண மூடிட்டே பாக்கற?"

மார்கழியில் சோடி வேலை.
ஒருவன் ஆண் துண்டு, ஒருவன் பெண் துண்டு.
வகுப்பே சிரித்தது.
சிரிப்பு அடங்கும்வரை செண்பகவல்லி
வெர்னியரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
மாதேசு ஆண். நான் பெண்.
அப்புறம் ஒரு மாதம் விடுதியில்
எனக்கு என்ன பேர் என்று கேட்காதீர்கள்.

புறாவால் பொருத்து. அறுபது டிகிரிச் சரிவு.
நுழையவே இல்லை.
உன் துண்டுதான் என்றான். உன்னுடையதுதான் என்றேன்.
ஒரே வாளி, ஒரே தேங்காயெண்ணெய், பக்கத்துப் பக்கத்துப் பாய்.
இரண்டு நாள் பேச்சில்லை.

மூன்றாம் இரவு, விளக்கணைத்த பிறகு,
தச்சுப் பிரிவு செய்து மாட்டிய எங்கள் கதவுக்கு அடியில்
வராண்டா ட்யூப்லைட்
ஒரு விரல் தடிமனில் உள்ளே நீண்டது.
இருட்டுக்குள்ளிருந்து மாதேசு சொன்னான்:
"வருது."

வாயைப் பொத்தியும்
வார்டன் எழுந்து வந்துவிட்டார்.

காலையில் நீல மை தடவிப் பார்த்தோம்.
தப்பு இரண்டிலும் இருந்தது.
நீ இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம்;
சாயங்காலம் நுழைந்தது,
எண்ணெய் பிதுங்க, மெதுவாக, கடைசி வரை.
சன்னலில் பிடித்தார். ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு தனித்தனியாக அளந்தார்.
அறுபது இருக்க வேண்டிய இடத்தில்
இருவரிடமும் அறுபத்தொன்று.

"இது உங்க ரெண்டு பேருக்குள்ளதான் பொருந்தும்.
வேற யாரோடதுலயும் போகாது."
நூற்றுக்கு நாற்பத்தெட்டு.

மாதேசு பிரித்தான், சேர்த்தான், பிரித்தான்.
"மறுபடி போடறமுங்க மேடம்."
ஸ்டோரில் இரும்பு வியாழக்கிழமைதான் வருமாம்.
அன்று செவ்வாய்.

புதன் முழுக்கத் தச்சுப் பிரிவு வாசலில் நின்று
கதவுக்கு அடியில் அடிக்க ஒரு பட்டை கேட்டோம்.
அளவு என்ன என்றார்கள்.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்
வெவ்வேறு அளவு சொன்னோம்.